கலவையும் களவும்
('ஃபங்கி ஹவுஸ்' என்னும் ஆட்ட இசை குறித்து ஓர் ஆய்வு)

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு

முன்னுரை

கல்மண்டபம் பேருந்து நிறுத்தத்தில் மாலை ஆறு மணிக்கு நிற்பவருக்குப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஷேர் ஆட்டோவின் பின் இருக்கைக்குக் கீழிருந்து ஒரு பாட்டு வரும். காதுகுத்து வீட்டு மைக்செட்டிலிருந்து மற்றொன்று வரும். காசிமேட்டுப் பக்கம் யாரேனும் இறந்திருந்தால் சட்டி மேளம் இவ்விரண்டையும் அமுக்கிவிடும். இம்மூன்றிலும் பாட்டு வேறு, பாடுபவர் வேறு. ஆனால் நிற்பவரின் கால் மட்டும் மூன்றுக்கும் தானாகத் தாளம் போடுகிறது.

மேலை நாடுகளில் 'ஃபங்கி ஹவுஸ்' என்று வழங்கும் ஆட்ட இசையைப் பற்றி எழுத எனக்குத் தோன்றியது இந்த நிறுத்தத்தில்தான். அது ஹவுஸ், ஃபங்க், டிஸ்கோ ஆகிய மூன்றும் கலந்த இசை. பழைய இசைத்தட்டின் ஒரு துண்டை எடுத்துப் புதிய தாளத்தின்மேல் ஓடவிடுவது அதன் முதன்மையான முறை. அதனால் அதனைச் "சொந்தச் சரக்கு இல்லாத இசை" என்று இகழ்வோரும் உண்டு. நம் தெருக் கானாவைப் பற்றியும் இதே சொல்லைக் கேட்டிருக்கிறோம். ஒன்றோடொன்று கலப்பது குற்றமா? கலப்புக்கும் களவுக்கும் எல்லை எங்கே இருக்கிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண இக்கட்டுரை முயல்கிறது.

மூன்று ஊற்றுகள்

முதல் ஊற்று ஃபங்க். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே 1960களின் பிற்பகுதியில் உருப்பெற்றது. ஜேம்ஸ் பிரௌன் 1967இல் வெளியிட்ட 'கோல்ட் ஸ்வெட்' என்னும் பாடலை இதன் தொடக்க எல்லைகளுள் ஒன்றாகக் கொள்வர். இதில் இராகத்தைவிடத் தாளமே தலைமை தாங்கும். கிட்டார், ஊதுகருவி, பாடகரின் குரல் எல்லாமே முழவுகளாக மாறிவிடும். நான்கு அடி கொண்ட ஆவர்த்தத்தில் முதல் அடியை அழுத்தி, மற்ற ஒலிகளை அடிகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் நிரப்புவது ஃபங்கின் இலக்கணம்.

இரண்டாவது ஊற்று டிஸ்கோ. 1970களின் தொடக்கத்தில் நியூயார்க், பிலடெல்ஃபியா நகரங்களில் வளர்ந்தது. பேஸ் டிரம் நான்கு அடியிலும் தவறாமல் விழும். அதன்மேல் வயலின் கூட்டமும் ஊதுகருவிகளும் பெண் குரல்களும் அடுக்கடுக்காக அமையும். பிலடெல்ஃபியாவின் டிரம் கலைஞர் எர்ல் யங் 1973இல் 'தி லவ் ஐ லாஸ்ட்' என்ற பாடலுக்கு வாசித்த முறையே பின்னர் டிஸ்கோவின் பொதுத் தாளமாயிற்று. தொடக்கத்தில் இவ்விசைக்கு ஆடியவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்களும், ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகளும், ஒருபால் ஈர்ப்புடைய இளைஞர்களும் ஆவர். மற்ற நடன அரங்குகளில் தலை நிமிர்ந்து ஆட முடியாதவர்கள் தமக்கென ஏற்படுத்திக்கொண்ட அரங்கு அது. 1977இல் 'சாட்டர்டே நைட் ஃபீவர்' திரைப்படம் வந்தபின் உலகமெங்கும் பரவியது.

மூன்றாவது ஊற்றான ஹவுஸ், சிகாகோ நகரில் 1980களின் முற்பகுதியில் பிறந்தது. அதன் பிறப்புக்கு முன் டிஸ்கோவுக்கு நேர்ந்த கதியை அறிதல் வேண்டும்.

வெடித்துச் சிதறிய இசைத்தட்டுகள்

1979ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள். சிகாகோவின் காமிஸ்கி பார்க் என்னும் பேஸ்பால் மைதானத்தில் அன்று இரண்டு ஆட்டங்கள். டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவருவோருக்கு நுழைவுக் கட்டணம் 98 சென்ட் மட்டுமே என்று அறிவித்திருந்தனர். ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர், திரட்டிய தட்டுகளை இரண்டு ஆட்டங்களுக்கும் இடையே மைதானத்தின் நடுவில் வெடிவைத்துத் தகர்த்தார். ஆயிரக்கணக்கானோர் மைதானத்திற்குள் குதித்து ரகளை செய்தனர். இரண்டாவது ஆட்டம் நடைபெறவே இல்லை.

அன்று அந்த மைதானத்தில் இருக்கை காட்டும் வேலையில் இருந்தவர்களுள் ஒருவர் வின்ஸ் லாரன்ஸ் என்னும் பதின்ம வயதுக் கறுப்பினச் சிறுவர். இசைக்கருவி வாங்கப் பணம் சேர்ப்பதற்காக அவர் அவ்வேலையைச் செய்தார். மக்கள் கொண்டுவந்தவற்றில் டிஸ்கோ அல்லாத, கறுப்பினக் கலைஞர்களின் வேறு தட்டுகளும் கிடந்தன என்று பிற்காலத்தில் அவர் பலமுறை எடுத்துரைத்துள்ளார். வெறுப்பு தாளத்தின் மீதா, தாளம் போட்டவர்கள் மீதா என்னும் ஐயத்துக்கு இச்செய்தி இடந்தருகிறது.

ஐந்தாண்டுகள் சென்றன. 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் 'ஆன் அண்ட் ஆன்' என்ற தட்டை வெளியிட்டார். முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பலரும் குறிப்பிடுவது அதனைத்தான். அதனை அவரோடு சேர்ந்து இயற்றியவர் வேறு யாருமல்லர், அந்த வின்ஸ் லாரன்ஸே.

கிடங்கில் பிறந்த இசை

'ஹவுஸ்' என்ற பெயரைக் கேட்டதும் வீட்டை நினைத்துவிடக் கூடாது. சிகாகோவில் 1977இல் தொடங்கிய 'வேர்ஹவுஸ்' என்ற நடன விடுதியின் பெயரிலிருந்து இச்சொல் வந்தது என்பது பெருவழக்கான கருத்து. வேர்ஹவுஸ் என்றால் கிடங்கு. துறைமுகத்தை அடுத்து வாழும் நமக்குக் கிடங்கைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. 1856இல் இராயபுரம் இரயில் நிலையம் திறந்த காலந்தொட்டு நம் பகுதியில் மூட்டை ஏறாத, இறங்காத நாள் இல்லை. பொருள் வைக்கும் இடத்தில் மனிதர்கள் கூடி ஆடினார்கள் என்ற செய்தி ஒன்றே அவர்களுக்கு வேறு இடம் எளிதில் கிட்டவில்லை என்பதைக் காட்டும்.

அவ்விடுதியில் 1982 வரை இசைத்தட்டுகளை இயக்கியவர் நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ். புதிய டிஸ்கோ தட்டுகளின் வரத்து குறைந்தபோது, பழைய தட்டுகளையே வெட்டி ஒட்டி, ஆடுவதற்கு ஏற்ற பகுதிகளை நீட்டிக் கொடுத்தார். பின்னர் மின் தாளக் கருவியின் அடியையும் அவற்றோடு சேர்த்தார். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் டி.ஆர்.808 என்ற தாளக் கருவியையும், 1983இல் டி.ஆர்.909 என்பதையும் வெளியிட்டது. உண்மையான டிரம் போல ஒலிக்கவில்லை என்று பலர் ஒதுக்கியதால் 808 பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. வசதியற்ற இளைஞர்கள் அதனை வாங்கினார்கள். வயலின் குழுவை அமர்த்தப் பணமில்லாத இடத்தில், ஒரு தாளக் கருவியும் ஒரு மின் இசைப்பலகையும் டிஸ்கோவின் எலும்புக்கூட்டைத் தூக்கி நிறுத்தின. அதுவே ஹவுஸ்.

ஆகவே ஹவுஸ் என்பது டிஸ்கோவுக்குப் பின் வந்த இசை மட்டுமன்று, பணமில்லாமல் தொடர்ந்த டிஸ்கோ எனலாம். 1990களில் ஒலித்துண்டு எடுக்கும் கருவிகள் மலிந்தபோது, அந்த எலும்புக்கூட்டின்மேல் பழைய தசையை மீண்டும் பொருத்தினார்கள். டிஸ்கோவின் வயலின்களும் ஃபங்கின் பேஸ் கிட்டாரும் திரும்பி வந்தன. இவ்வாறு அமைந்ததே ஃபங்கி ஹவுஸ். 'டிஸ்கோ ஹவுஸ்', 'ஃபிரெஞ்சு ஹவுஸ்' என்பன அதன் நெருங்கிய உறவுகள்.

தகதிமியில் ஃபங்கி ஹவுஸ்

இவ்விசையின் அமைப்பை நம் கொன்னக்கோல் சொற்களைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். படிக்கும் நண்பர்கள் மேசையில் தட்டிப் பார்க்க வேண்டுகிறேன்.

ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 முதல் 128 அடி என்பது இதன் வேகம். 120 என்று கொண்டால் நொடிக்கு இரண்டு அடி. ஒவ்வோர் அடியையும் சதுஸ்ர நடையில் 'த, க, தி, மி' என்று நான்காகப் பிரித்துக்கொள்க.

பேஸ் டிரம் ஒவ்வோர் அடியிலும் 'த'வில் விழும். இது மாறுவதில்லை. ஆடுபவரின் பாதம் இதனை நம்பியே தரையில் ஊன்றுகிறது. நான்கு அடிகளுள் இரண்டாவதிலும் நான்காவதிலும் கைதட்டல் ஒலி சேரும். ஹை-ஹாட் என்னும் இரட்டை வெண்கலத் தட்டு 'தி'யில் திறந்து ஒலிக்கும். பாதம் கீழே போகும் இடம் 'த', உடல் மேலே எழும்பும் இடம் 'தி'. இவ்வளவும் டிஸ்கோவும் ஹவுஸும் தந்தவை.

இனி ஃபங்க் எங்கே வருகிறது? எஞ்சியிருக்கும் 'க'விலும் 'மி'யிலும் வருகிறது. பேஸ் கிட்டார் முதல் அடியில் காலூன்றி, பிறகு 'மி'யில் தாவி, அடுத்த 'த'வில் வேண்டுமென்றே மௌனமாகி, 'க'வில் திரும்பும். கிட்டார் கம்பிகளைப் பாதி அழுத்திச் 'சிக்கு சிக்கு' என்று சுரண்டும் ஒலியும் இந்தச் சந்துகளில்தான் அமையும். நேராக நடக்கும் தாளத்திற்குள் ஒரு நெளிவு உண்டாவது இதனால்தான். மிருதங்கத்தில் அடியைத் தள்ளி எடுப்பைப் போடும்போது உண்டாகும் இன்பத்திற்கு இது உறவு.

அடுத்தது ஒலித்துண்டு. 1998இல் ஸ்டார்டஸ்ட் என்ற பிரெஞ்சுக் குழு வெளியிட்ட 'மியூசிக் சவுண்ட்ஸ் பெட்டர் வித் யூ' என்ற பாடல் சிறந்த சான்று. சாகா கான் 1981இல் பாடிய 'ஃபேட்' என்ற பாடலின் ஒரு சிறு கிட்டார்த் துண்டே அப்பாடல் முழுவதும் சுழல்கிறது. 2000இல் வந்த மோட்ஜோ குழுவின் 'லேடி', ஷீக் குழு 1982இல் இசைத்த 'சூப் ஃபார் ஒன்' பாடலின் துண்டைக் கொண்டது. அதே ஆண்டில் வந்த ஸ்பில்லரின் 'குரூவ்ஜெட்', கேரல் வில்லியம்ஸ் 1977இல் பாடிய 'லவ் இஸ் யூ' பாடலிலிருந்து எழுந்தது.

ஒரே துண்டு நான்கு நிமிடம் சுழன்றால் சலிக்காதா? சலிக்காமல் காப்பது ஒலி வடிகட்டி. பக்கத்துத் தெருக் கல்யாணப் பாட்டு, சாத்திய கதவுக்குப் பின்னால் இருக்கும்போது அடித்தொண்டையில் முனகுவது போலக் கேட்கும். கதவைத் திறந்ததும் வயலினும் தட்டும் பளிச்சென்று பாயும். இசையமைப்பாளர் வடிகட்டியைத் திருகி இவ்வாறே அரங்கின் கதவை மெல்ல மெல்லத் திறக்கிறார். எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு ஆவர்த்தங்கள் என்ற கணக்கில் திறப்பு நிகழும். 120 வேகத்தில் முப்பத்திரண்டு ஆவர்த்தம் 64 நொடி. ஒரு நிமிடம் காக்கவைத்து விடுவிக்கும் இந்தக் கணக்கு ஆடுவோரின் உடலுக்குத் தெரியும், சொல்லத்தான் தெரியாது.

இந்திய உறவுகள்

இவ்வுலகிற்கு நம் நாடு புறம்பானதன்று. பெங்களூரில் பிறந்து இலண்டன் சென்ற பித்து, 1974இல் கார்ல் டக்ளஸ் பாடிய 'குங் ஃபு ஃபைட்டிங்' என்ற தட்டைத் தயாரித்து, உலக டிஸ்கோ வரலாற்றின் தொடக்கப் பக்கங்களிலேயே இடம்பெற்றார். 1981இல் நாசியா ஹசன், சோகேப் ஹசன் ஆகியோரைக் கொண்டு 'டிஸ்கோ தீவானே' தொகுப்பை அளித்தார்.

அதற்கு அடுத்த ஆண்டு வியப்புக்குரியது. பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற தட்டை எச்.எம்.வி. வழியே வெளியிட்டார். பைரவி, யமன், பூபாளி, மால்கௌன்ஸ் முதலான பத்து இந்துஸ்தானி இராகங்களை, மாறாத டிஸ்கோ அடியின்மேல் மின் இசைப்பலகையில் வாசித்தார். நம் வழக்கில் சொன்னால் பூபாளி நமது மோகனம், மால்கௌன்ஸ் நமது இந்தோளம், யமன் நமது கல்யாணி. அவர் கையாண்டவை ரோலண்டின் ஜூப்பிட்டர்-8 இசைப்பலகை, 808 தாளக் கருவி, டி.பி.303 பேஸ் கருவி. சிகாகோவில் ஃபியூச்சர் குழு அதே 303ஐக் கொண்டு 'ஆசிட் டிராக்ஸ்' என்னும் புகழ்பெற்ற ஹவுஸ் தட்டை வெளியிட்டது 1987இல். ஐந்தாண்டு முன்னதாகவே பம்பாயில் அதற்கு நிகரான ஒலி எழுந்துவிட்டது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று பிறந்ததற்குச் சான்று இல்லை. ஒரே கருவியும் ஒரே துணிவும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன என்பதே பொருத்தம்.

அந்தத் தட்டு அன்று விலைபோகவில்லை. 2010இல் நெதர்லாந்து நாட்டு ஆர்வலர் ஒருவர் அதனை மறுபதிப்புச் செய்தபின் உலகம் திரும்பிப் பார்த்தது. முதுமையில் சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் அதனை வாசித்தார். 2015இல் மறைந்தார். அவரைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு: தட்டின் உறையில் அவர் பெயர் அச்சாகியிருந்தது. கட்டுரையின் பிற்பகுதிக்காக இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. 1982இல் வந்த 'டிஸ்கோ டான்சர்' இந்திப் படம், 1985இல் ஆனந்த் பாபு நடிக்கப் 'பாடும் வானம்பாடி' என்று தமிழில் வந்தது. அதே இந்திப் படத்தில் பப்பி லஹிரி இசையமைத்த 'ஜிம்மி' பாடலை, 2007இல் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம் தமது 'கலா' தொகுப்பில் புதிய வடிவில் பாடினார். அவர் இலண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுபருவத்தைக் கழித்த ஈழத்தமிழர். அத்தொகுப்பின் 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' ஆகிய பாடல்களுக்குச் சென்னையில் உறுமி மேளக் கலைஞர்களை அழைத்து ஒலிப்பதிவு செய்தார். நியூயார்க்கில் எழுந்த டிஸ்கோ பம்பாய்க்கு வந்து, இலண்டனில் வாழும் தமிழ்ப் பெண்ணின் குரலில் ஏறி, சென்னை உறுமியின் பக்கத்தில் அமர்ந்தது. இப்பயணத்தில் எந்த நிலையத்தில் இசை 'தூய்மை' கெட்டது என்று யாரால் சொல்ல இயலும்?

எல்லைக்கோடு

எனவே கலவை குற்றமன்று. ஆயின் களவு எங்கே தொடங்குகிறது?

1980இல் லோலியட்டா ஹாலோவே என்னும் கறுப்பினப் பாடகி 'லவ் சென்சேஷன்' என்ற டிஸ்கோ பாடலைப் பாடினார். 1989இல் பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலியக் குழு 'ரைட் ஆன் டைம்' என்ற ஹவுஸ் பாடலை வெளியிட்டது. அதில் உச்சத்தில் முழங்குவது ஹாலோவேயின் குரல், அவர் பெயரோ தட்டில் இல்லை. காணொளியில் வேறொரு மாடல் அழகி வாயசைத்தார். பாடல் இங்கிலாந்தில் ஆறு வாரம் முதலிடத்தில் நின்றது. ஹாலோவே சட்டத்தின் துணையை நாடிய பிறகே அவருக்குத் தொகை வழங்க உடன்பாடு ஏற்பட்டது.

மற்றொருவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு. ஜேம்ஸ் பிரௌனின் 'ஃபங்கி டிரம்மர்' (1970) பாடலில் டிரம் வாசித்தவர். அப்பாடலின் நடுவில் அவர் தனித்து வாசிக்கும் சில நொடிகள் பிற்காலப் பாடல்கள் பலவற்றில் ஒலித்துண்டாக எடுக்கப்பட்டன. பாடலின் ஆசிரியராக அவர் பெயர் பதிவாகாததால், அத்துண்டுகளுக்கான உரிமைத்தொகை அவருக்கு ஏறக்குறைய கிட்டவே இல்லை. 2017இல் மறைந்தார்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஷீக் குழுவின் நிலையோடு ஒப்பிடுக. அக்குழுவின் நைல் ராட்ஜர்ஸ், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் இருவரும் பாடலாசிரியராகப் பதிவு பெற்றவர்கள். அவர்கள் இசையின் துண்டு எங்கே ஒலித்தாலும் அவர்கள் பெயரும் உடன் செல்ல வழி இருந்தது. இங்கெல்லாம் துண்டு எடுத்த செயல் ஒன்றுதான். எடுத்தபின் பெயர் நின்றதா, அழிந்ததா என்பதே வேறுபாடு. எனவே கலவைக்கும் களவுக்கும் இடையிலுள்ள கோடு இசையில் இல்லை, பெயரிலும் பங்கிலும் இருக்கிறது என்பது என் துணிபு.

நம் நாட்டுச் சட்டமும் இதனை ஓரளவு உணர்ந்துள்ளது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், பாடுவோர், வாசிப்போர், ஆடுவோர் ஆகிய நிகழ்த்துகலைஞரின் தனி உரிமை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்தது. தம் நிகழ்ச்சியில் தம் பெயரைக் குறிப்பிடுமாறு கோரும் உரிமை 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தெளிவாயிற்று. ஆனால் உரிமையைக் கோர வேண்டுமானால், பாடியவர் இன்னார் என்று காட்ட ஏதேனும் ஒரு சான்று வேண்டும். சான்றில்லாதவர்க்குச் சட்டம் புத்தகத்திலேயே இருந்துவிடும்.

கல்மண்டபத்துக்குத் திரும்புவோம்

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். பகலில் துறைமுகத்தில் சுமை வேலை, இரவில் சாவு வீட்டில் கானா. இறந்தவரின் பெயர், தொழில், அவர் பிள்ளைகள், அவர் பட்ட கடன் எல்லாவற்றையும் கேட்டறிந்து, விடிவதற்குள் அவருக்கென்றே ஒரு பாட்டுக் கட்டிவிடுவார். டோலக் ஒருவர், சட்டி ஒருவர், வேறு துணை இல்லை. மெட்டு சில நேரம் பழைய திரைப்படப் பாட்டின் மெட்டாகவே இருக்கும். நான் பள்ளியில் படிக்கும்போது, "தாத்தா, இது சினிமா மெட்டுதானே?" என்று கேட்டிருக்கிறேன். "மெட்டு அவங்களுது நைனா. பாட்டு பூட்டவனுது. என்னுது தொண்ட மட்டுந்தான்" என்றார்.

அவரும் கலவைக்காரர்தாம் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர் எடுத்த மெட்டுக்கு உரியவர் யாரென்பது கேட்பவர் அனைவருக்கும் தெரியும். அதனைத் தம்முடையது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, அவ்வாறு சொன்னாலும் யாரும் நம்பப் போவதில்லை. அவர் இறந்து சில ஆண்டுகளுக்குப் பின், ஒரு கல்யாண வீட்டில் மைக்செட் பாட்டு ஒன்றைக் கேட்டேன். நான்கு அடி தாளத்தின்மேல், வடிகட்டியில் மூடித் திறந்து, அவருடைய நான்கு வரிகள் சுழன்றன. குரல் வேறு, வரி அவருடையது. பாட்டைப் போட்டவரைக் கேட்டேன். "யாரோ ஏத்தி வுட்ட ரீமிக்ஸ்" என்றார். இது தாத்தாவின் பாட்டு என்று நிறுவ என்னிடம் என்ன இருந்தது? அவர் குரல் பதிந்த ஒரே ஒலிநாடாவும் அவர் வீட்டுப் பரணில் பூஞ்சை பிடித்து, ஓடும் நிலையில் இல்லை.

அந்தப் பாட்டுக்கு அன்று நானும் ஆடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டு நன்றாகவே இருந்தது. பெரும்பாலும் 'தகிட' என்று மூன்றாக நடக்கும் நம் குத்தைத் 'தகதிமி' என்னும் நான்குக்குள் பொருத்துவது எளிதன்று, செய்தவர் திறமைசாலி. கலவையில் எனக்குக் குறையில்லை. அவர் பெயர் இல்லாததே குறை.

நல்ல மாறுதல்களும் நிகழ்ந்துள்ளன. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்திய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் இணைந்து உருவாக்கியது. கானாக் கலைஞர்கள் அங்கே கிட்டாருக்கும் டிரம்முக்கும் பக்கத்தில், தத்தம் பெயரோடு நின்று பாடினார்கள். சட்டியும் பறையும் மேடையின் நடுவில் இருந்தன. பெயர் அழியாத கலவை இயலும் என்பதற்கு நம் ஊரிலேயே கிடைத்த சான்று அது.

முடிவுரை

காமிஸ்கி பார்க்கில் தகர்ந்த தட்டுகளின் இசை, கிடங்குகளில் உயிர் பிழைத்து, இருபது ஆண்டுகளில் ஃபங்கி ஹவுஸ் வடிவில் உலக அரங்குகளுக்குத் திரும்பியது. பழைய தட்டின் துண்டை எடுத்து ஆள்வது முன்னோரை நினைவுகூரும் ஒரு முறை. நினைவுகூருபவர் பெயரையும் சொன்னால் அது மரியாதை. சொல்லாமல் விட்டால், லோலியட்டா ஹாலோவேக்கு நேர்ந்ததுதான் நம் தெருப் பெரியவருக்கும் நேரும்.

இதற்கு மாணவர்களாகிய நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் கல்லூரியில் பயில்வோருள் பலர் இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியினர். கானா பாடும் ஒருவராவது நம் ஒவ்வொருவர் தெருவிலும் இருப்பார். கையிலிருக்கும் தொலைபேசியில் அவர் பாட்டை அவருடைய இசைவோடு பதிவு செய்வோம். பாடியவர் பெயர், டோலக்கும் சட்டியும் வாசித்தவர்கள் பெயர், நாள், இடம், எவருக்காகப் பாடியது, மெட்டு எங்கிருந்து வந்தது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒரு படியை நூலகத்தில் ஒப்படைப்போம். ஒரு படியைப் பாடியவர் கையில் கொடுப்போம். பேராசிரியப் பெருமக்கள் இதற்கென நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கித் தந்தால் போதும்.

சரண்ஜித் சிங்கை இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு தேடி வந்தவர்களுக்கு ஒரு தட்டின் உறை வழி காட்டியது. கல்மண்டபத்துப் பாட்டுகளையும் நாளை யாரேனும் தேடி வருவார்கள். அவர்கள் கையில் கொடுக்க நம்மிடம் அந்த ஒரு தாளாவது இருக்க வேண்டும். எங்கள் தெருப் பெரியவரின் பாட்டுகளில் எனக்கு நினைவிருக்கும் பதினோரு வரிகளை, அவர் பெயரோடு, இந்த வாரம் எழுதி நூலகரிடம் கொடுத்துவிட்டேன்.